ஐம்பத்து மூன்றாவது வாரம்

ஊருக்குப் போவதைவிட, போவதற்குத் திட்டம் போடுவதில்தான் எனக்கு ருசி அதிகம். இதை என் முன்னாள் மனைவி மாரிட், விவாகரத்துக்கு வெகுகாலம் முன்பே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள். "டிக்கெட் எடுத்து முடிச்சதும் உன் மூஞ்சியப் பாக்கணுமே ரூரிக், எழவு விழுந்த வீடு மாதிரி இருக்கும்" என்பாள். அப்போது எனக்குக் கோபம் வந்தது. நான் எல்லோருக்காகவும் உழைக்கிறேன், யாருக்கும் நன்றியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பும் எனக்குப் பிடித்த ருசிதான்.

ஓரெப்ரோ நகரில் மாவட்டப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது என் வேலை. பதினேழாம் எண் வண்டி மருத்துவமனை வாசலுக்கு எட்டு பன்னிரண்டுக்கு வரும் என்றால், அது நான் சொன்னதால் வருகிறது. பிழைப்பு இப்படி இருந்தால் புத்தியும் அப்படித்தானே இருக்கும்? விடுமுறைக்கென்று தனியாக ஒரு எக்ஸெல் கோப்பு வைத்திருந்தேன். அதில் பதினோரு பக்கங்கள். ஒரு பக்கம் முழுக்க விடுதிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதிய விமர்சனங்கள். "காலை உணவு சுமார்" என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் வேறு எந்தெந்த விடுதிகளைச் சுமார் என்று எழுதியிருக்கிறார் என்று தேடிப் படித்து, அவர் எல்லாவற்றையும் சுமார் என்பவரா, நியாயமான மனிதரா என்று முடிவுகட்டிய பிறகே அவர் சொல்லை ஏற்பேன். நீதிபதிகள்கூட இவ்வளவு மெனக்கெடுவதில்லை.

எங்கள் நாட்டில் ஒருவரிடம் ஜூலை பதினெட்டாம் தேதி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் விழிப்பார். வாரம் 29-இல் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார். வருஷத்தின் வாரங்களுக்கு ஒன்று முதல் ஐம்பத்திரண்டு வரை எண் போட்டு, அந்த எண்ணில்தான் நாங்கள் வாழ்கிறோம். பல் மருத்துவர், கார் சர்வீஸ், கல்யாணம், கருமாதி எல்லாம் வார எண்ணில்தான். பிரிந்துபோன அப்பா அம்மாக்களுக்குப் பிள்ளைகளும் அப்படியே.

எங்கள் மகள் ஸ்வேயா ஒரு வாரம் என்னிடம் இருப்பாள், அடுத்த வாரம் மாரிட்டிடம். திங்கட்கிழமைதோறும் வீடு மாறுவாள். ஒற்றைப்படை வாரங்கள் எனக்கு, இரட்டைப்படை வாரங்கள் மாரிட்டுக்கு. குடும்ப ஆலோசனை மையத்தில் இருந்த பெண்மணி, கோடைக்குத் தனியாக ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று எவ்வளவோ சொன்னார். நான் கேட்கவில்லை. "விதிவிலக்கு இல்லாத முறைதான் நல்ல முறை" என்று அவருக்கே வகுப்பெடுத்தேன். மாரிட் அப்போது கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குவதற்கு என்று பிறகுதான் புரிந்தது.

2015 ஆகஸ்டில் மலகா கடற்கரையில் விடுமுறை முடிந்து திரும்பும்போது, விமான நிலையத்தில் ஸ்வேயா ஒரு விஷயம் சொன்னாள். "அடுத்த வருஷம் எனக்குப் பதிமூணுப்பா. அடுத்த கோடை மட்டும் உன்கூட வர்றேன். அதுக்கப்புறம் நான் சிநேகிதிங்ககூடதான் போவேன். நீ தனியாப் பழகிக்கோ." சாதாரணமாகத்தான் சொன்னாள். அப்படியென்றால் அவளோடு எனக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு கோடை. அந்த ஒன்றைக் குறையே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று விமானத்தில் ஏறும்போதே முடிவுசெய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் செய்ய முடியும். வீட்டுக்கு வந்ததும் கோப்பில் பன்னிரண்டாவது பக்கம் திறந்தேன்.

செப்டம்பர் இரண்டாவது வாரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. வாரம் 29, கிரீஸில் நாக்ஸோஸ் தீவு. கடலைப் பார்த்த பால்கனி. "இந்த அறையை இப்போது பதினேழு பேர் பார்க்கிறார்கள்" என்று முன்பதிவுத் தளம் என்னை விரட்டியது. அந்தப் பதினேழில் நாலு நான்தான். கைப்பேசி, அலுவலகக் கணினி, வீட்டுக் கணினி, பழைய டேப்லெட். ரத்து செய்தால் காசு திரும்பாது என்ற மலிவான வகையில் எடுத்தேன். திட்டம் போடத் தெரியாதவன்தானே ரத்து செய்வான்! அதற்கடுத்த வாரம் 30, ஸ்வேயா அவள் அம்மாவிடம் இருப்பாள். எனவே அந்த வாரம் யெம்ட்லாந்து மலையில் கூடாரத்தோடு நான் மட்டும். கோப்பை யாரும் கை வைக்காதபடி கடவுச்சொல் போட்டுப் பூட்டினேன். அதில் கை வைக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை.

அதன் பிறகு தம்பட்டம். ஞாயிறுதோறும் ஃபேஸ்புக்கில் "நாக்ஸோஸுக்கு இன்னும் 40 வாரம்", "இன்னும் 39" என்று எழுதினேன். கூடவே ஓர் ஒலிவ மரம், ஒரு பாலாடைக்கட்டி, ஒரு கழுதை. அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரன் தூரே காபி நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்வான். "ஏம்பா ரூரிக், உன் தீவுக்கு நான் போகாமலே சலிச்சுப்போச்சு. அந்தக் கழுதைக்குப் பேர் வெச்சுட்டியா இல்லையா?" நான் சிரித்துக்கொள்வேன். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

இப்படி நாற்பது, முப்பது, இருபது என்று குறைந்துகொண்டே வந்தது. ஜூன் தொடக்கத்தில் விமான இருக்கை எண்கள் கிடைத்தன. "வாரம் 29, நானும் ஸ்வேயாவும், 14A, 14B" என்று படத்தோடு போட்டேன். அரை மணி நேரத்தில் மாரிட் அழைத்தாள். என் பதிவுகள் தன் கண்ணில் படாதபடி அவள் எப்போதோ செய்துவைத்திருந்தாள். ஆனால் அவளோடு இப்போது வாழும் ஸ்டெல்லனின் அம்மா என் தீவிர ரசிகை. அந்த அம்மாள்தான் காட்டியிருக்கிறாள்.

"ரூரிக், இது என்ன கூத்து? 29-ல ஸ்வேயா எங்ககூட வர்றா. கேரவன் எடுத்துக்கிட்டு மேற்குக் கடற்கரை போறோம். ஸ்டெல்லனோட பசங்க ரெண்டு பேரும் வர்றாங்க."

"29 ஒற்றைப்படை, மாரிட். ஒற்றைப்படை என்னோடது" என்றேன், சின்னக் குழந்தைக்கு எண் சொல்லிக்கொடுக்கும் பொறுமையோடு.

"போன வருஷம் உன்னோடது. இந்த வருஷம் என்னோடது."

"அது எப்படி மாறும்?"

"எப்படி மாறும்னு நீதான ஊருக்கே விளக்கம் எழுதினே? இரு, படிக்கிறேன்." குரலைச் செருமிக்கொண்டு என் தோரணையிலேயே படித்தாள். "'பிரிந்து வாழும் பெற்றோர் கவனத்துக்கு. ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வருவதுபோல், சென்ற ஆண்டில் ஐம்பத்து மூன்று வாரங்கள் வந்தன. ஐம்பத்து மூன்றும் ஒற்றைப்படை, அடுத்து வரும் ஒன்றும் ஒற்றைப்படை. ஆகவே வரிசை தப்பாமல் வாரம் மாற்றிக்கொள்பவர்களுக்கு இந்த ஆண்டு ஒற்றை இரட்டையாகும், இரட்டை ஒற்றையாகும். நண்பர்களே, உங்கள் கோடைத் திட்டங்களை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.' ஜனவரி மூணாம் தேதி. அறுபத்துநாலு பேர் லைக் போட்டிருக்காங்க. ஸ்டெல்லனோட அம்மா அப்பவே காட்டினாங்க, அதுல நானும் ஒருத்தி."

அத்தனையும் நான் எழுதியதுதான். ஐம்பத்து மூன்றாவது வாரம் ஸ்வேயா என்னிடம் இருந்தாள். அடுத்த திங்கள் மாரிட் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து என்னிடம் இரட்டைப்படை வாரங்களில்தான் வந்துபோய்க்கொண்டிருந்தாள். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிய நாட்காட்டியைக்கூட நானே திருத்தியிருந்தேன். விடுமுறைக் கோப்பை மட்டும் திறக்கவில்லை. அது முடிந்துபோன வேலை, கல்வெட்டு. அறுபத்துநாலு பேர் அன்று தங்கள் திட்டத்தைச் சரிபார்த்திருப்பார்கள். எழுதியவன் சரிபார்க்கவில்லை.

"இப்ப என்ன செய்யறது?" என்றேன்.

"சனிக்கிழமை வா. காபி குடிச்சுக்கிட்டே பேசலாம். கத்தாம."

ஆற்றோரக் காபிக் கடையில் சந்தித்தோம். ஏலக்காய் பன்களுக்கு நடுவில் மாரிட் தன் காகித நாட்காட்டியை விரித்தாள். நான் மடிக்கணினியைத் திறந்தேன். அணுகுண்டு ஒப்பந்தம் பேசும் இரண்டு நாடுகளைப் போல உட்கார்ந்திருந்தோம். நாக்ஸோஸை நகர்த்த முடியாது என்று நான் விடுதியின் விதிமுறைகளைப் படித்துக் காட்டினேன். ஸ்டெல்லனின் பையன்களுக்கு அந்த வாரத்தை விட்டால் வேறு இல்லை, அவர்கள் அம்மாவிடம் மாற்றச் சொன்னால் அவளோடு இப்போது இருப்பவரின் மகளுடைய வாரத்தையும் மாற்ற வேண்டும், அந்த மகளின் அம்மா நார்வேக்குப் போகிறாள் என்றாள் மாரிட். அந்த அம்மாளை நானே கூப்பிட்டுப் பேசுகிறேன் என்றேன்.

"யாருன்னு சொல்லிப் பேசுவே?"

அவள் எனக்கு என்ன உறவு என்று யோசித்தேன். என் முன்னாள் மனைவியோடு இருப்பவரின் முன்னாள் மனைவியோடு இருப்பவரின் முன்னாள் மனைவி. இந்த உறவுக்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை.

கடைசியில் நான் தந்திரத்தை விட்டுவிட்டு உண்மையைச் சொன்னேன். "இதுதான் கடைசி வருஷம், மாரிட். அடுத்த வருஷத்துலேருந்து என்கூட வரமாட்டேன்னு சொல்லிட்டா. உனக்கு ஸ்டெல்லன் இருக்கான், பசங்க இருக்காங்க. எனக்கு அவ ஒருத்திதான்."

மாரிட் பன்னிலிருந்த சர்க்கரைக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். "சரி, எடுத்துக்கோ. ஸ்டெல்லன்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கோப்பைத் திருத்தத் தொடங்கினேன். "அப்ப 29 எனக்கு. 30-ல நான் மலைக்குப் போறேன், அவ உங்கிட்ட வந்துடுவா."

"30-ல நாங்க இல்லையே. நானும் ஸ்டெல்லனும் பெர்லின் போறோம். இரட்டைப்படை உன் வாரமாச்சேன்னு பிப்ரவரியிலயே எடுத்தாச்சு."

"என் கோப்புல 30 உன் வாரம்."

"என் நாட்காட்டியில உன் வாரம்."

இருவரும் நாட்காட்டியைப் பார்த்தோம், கணினியைப் பார்த்தோம், பிறகு ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு வாரத்துக்காக ஒரு மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். அதற்கு அடுத்த வாரத்தில் எங்கள் பிள்ளைக்கு இடமே இல்லை. ஐந்து மாதமாக இல்லை. இரண்டு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை.

மாரிட் ஸ்வேயாவுக்குச் செய்தி அனுப்பினாள். 'வாரம் 30 பற்றிப் பேச வேண்டும்.' அரை நிமிடத்தில் பதில் வந்தது. 'அந்த வாரத்தை விட்டுடுங்க. எனக்கு வேலை இருக்கு.'

கைப்பந்துப் பயிற்சி முடிந்து அவள் நேராகக் கடைக்கே வந்தாள். ஈரத் தலை, தோளில் பை. உட்காரவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"ஜனவரியிலயே தெரியும். உன் பதிவைப் படிச்சேன்ல? உன் நாக்ஸோஸ் கோப்பையும் பாத்தேன். கடவுச்சொல் என் பொறந்த நாள்தான."

"ஏண்டி சொல்லலை?" என்றாள் மாரிட்.

"29-ல ரெண்டு பேரும் என்னைக் கூப்பிடறீங்க. 30-ல யாரும் கூப்பிடலை. சொன்னா அதையும் யாராவது எடுத்துக்குவீங்க."

நான் காபிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "சரி, அந்த வாரம் என்ன வேலை?"

கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். அவளும் என் மகள்தானே, அவளுக்கும் ஒரு திட்டம் இருந்தது. வாரம் 30 என்று போட்டு ஒரே ஒரு சொல் எழுதியிருந்தாள்: வீடு.

"எந்த வீடு?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன். மாரிட்டும் பதிலுக்குக் காத்திருந்தாள். அவள் முகத்திலும் அதே அற்பத்தனம் தெரிந்தது.

"எது காலியா இருக்கோ அது" என்றாள் ஸ்வேயா. "ரெண்டுமே காலியா இருக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அதனால இன்னும் முடிவு பண்ணலை. அம்மா வீட்ல டிவி பெருசு. உன் வீட்ல என் ரூம் கதவு நல்லா சாத்தும்."

மாரிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு வெட்கம் என் வாழ்க்கையில் பட்டதில்லை. ஊரில் ஓடும் தொண்ணூறு பேருந்துகளில் எது எந்த நிமிஷம் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். என் மகளுக்கு என்ன வேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. பன்னிரண்டு பக்கங்கள்!

அவளை வீடு வரை நடந்து கொண்டுவிட்டேன். வழியில் கேட்டேன். "உண்மையைச் சொல்லு. நாக்ஸோஸ் போகணுமா, வேண்டாமா?"

"போகணும்னா வர்றேன்."

"அப்படின்னா?"

"உனக்கு ஆசையா இருக்கும்ல." பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். "மலகாவுல ஐஸ்கிரீம் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா? நீ மூணு பக்கமும் நின்னு படம் எடுத்து முடிக்கறதுக்குள்ள என்னோடது உருகிக் கையெல்லாம் வழிஞ்சுது. அந்தப் படத்துல நான் சிரிக்கிறேன்ல? நீ சிரின்னு சொன்னே."

அந்தப் படத்துக்கு நூற்றுப்பன்னிரண்டு லைக். எண்ணிக்கை எனக்கு நினைவிருக்கிறது.

"29-ல நீ கேரவன்ல போ" என்றேன். சொல்லும்போது நெஞ்சு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். "அது அம்மாவோட வாரம்தான். 30-ல நான் மலைக்குப் போகலை. வீட்லயே இருக்கேன். நான் இருந்தா உனக்கு இடைஞ்சலா?"

நன்றாக யோசித்தாள். ஒரு விடுதியைப் பற்றி நான் யோசிப்பதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"பிளான் போடக் கூடாது."

"போடலை."

"எங்கயும் கூட்டிட்டுப் போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை ஆனா 'இன்னும் இத்தனை வாரம்'னு எண்ணறதும் கூடாது."

"சரி."

"சரின்னா இருந்துக்கோ" என்றாள், வாடகைக்கு விடுகிறவள் மாதிரி.

நாக்ஸோஸ் என்னைப் பார்க்காமலே இன்றுவரை சௌக்கியமாக இருக்கிறது. 14A, 14B இரண்டும் காலியாகப் பறந்தன. தூரேயிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் கேலி செய்யவில்லை. அவன் கேலி செய்யாதது எனக்குப் பயமாக இருந்தது. "அந்தக் கழுதை ஏமாந்து போகும்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்கும் சேர்த்துக் காபி எடுத்துவந்தான்.

வாரம் 30-இல் ஸ்வேயா கடற்கரை வெயிலில் மூக்குத் தோல் உரிந்து வந்து சேர்ந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை தூங்கினாள். நான் சமையலறையில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். வெளியே வெயில் அடித்தது, ஏரி இருக்கிறது, சைக்கிள் இருக்கிறது, பத்து மணிக்கு ஒன்று, பன்னிரண்டுக்கு ஒன்று என்று மனம் தானாக அட்டவணை போட்டது. எழுந்து பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். ஃபேஸ்புக்கில் "நாக்ஸோஸ் எப்படி? படம் எங்கே?" என்று ஏழு பேர் கேட்டிருந்தார்கள். ஸ்டெல்லனின் அம்மா எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்திருந்தார். பதில் போட விரல் துடித்தது. கைப்பேசியைத் துண்டுகள் அடுக்கும் அலமாரியில் வைத்துச் சாத்தினேன்.

செவ்வாய் இரவு உணவுக்கு அப்பம் கேட்டாள், சுட்டுக் கொடுத்தேன். புதன் இரவும் அப்பம்தான். புதன்கிழமை முழுக்க மழை. சீட்டு விளையாடினோம், அவள் ஏமாற்றினாள், நான் கண்டுகொள்ளவில்லை. அப்போது கேட்காமலே ஒன்று சொன்னாள். ஞாயிறு சாயங்காலம் ஆனால் இரண்டு வீட்டிலும் தனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்குமாம். எத்தனை வருஷமாக என்றேன். "எப்பவுமே" என்று சொல்லிச் சீட்டைக் கலைத்தாள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. பகல் ஒரு மணிக்கு எழுந்து வந்தாள். பால்கனியில் கால் நீட்டி, கிண்ணத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு ஸ்ட்ராபெர்ரியும் பாலும் சாப்பிட்டாள். பாதி சாப்பிட்டவள் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தாள்.

"அப்பா, இன்னைக்கு என்ன கிழமை?"

வியாழன். பகல் ஒரு மணி பத்து நிமிஷம். திங்கள் மாலை ஐந்து மணிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும். இன்னும் தொண்ணூற்றொன்பது மணி ஐம்பது நிமிஷம் இருந்தது.

"தெரியலையேம்மா" என்றேன்.

"எனக்கும் தெரியலை" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தில் மீதியிருந்ததைச் சாப்பிட்டாள்.